முந்நூற்று எண்பத்து நான்கு கிராம்

மெர்லின் ஜாஸ்ட்ரோவின் அப்பா பன்றிகளுக்கு ஊற்றியதைத்தான் மெர்லின் காசு கொடுத்து வாங்கிக் குடித்தான். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. பன்றிகளுக்கு வாளியில் கிடைத்தது. மெர்லினுக்கு மின்னல் படம் போட்ட கறுப்பு டப்பாவில் கிடைத்தது. விஸ்கான்சின் மாநிலத்து விட்டன்டால் என்ற ஊரின் சீஸ் ஆலையில் பாலைத் திரியவைத்துக் கட்டியைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற தெளிதண்ணீரை எங்கேயோ கொண்டுபோய்க் காயவைத்து, சாக்லேட் வாசனை சேர்த்து, புரதப் பொடி என்று பெயரிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். இருபத்தாறு வருஷமாக அந்தத் தண்ணீருக்குக் குழாய் திறந்துவிடும் வேலை மெர்லினுடையது. காலையில் டேங்கர் லாரியில் ஏற்றி வழியனுப்புவான். சாயங்காலம் கடையில் போய் அதையே மாலை போடாத குறையாக வரவேற்று வீட்டுக்கு அழைத்து வருவான்.

இந்தப் பக்தி பிறக்கக் காரணம் ஹெரால்டு.

ஹெரால்டு நூற்று அறுபத்தைந்து பவுண்டு எடையுள்ள துணிப் பொம்மை. விட்டன்டால் தன்னார்வத் தீயணைப்புப் படையில் வருஷம் ஒருமுறை நடக்கும் சோதனையில், முழு உடுப்பும் முதுகில் காற்று உருளையுமாகக் குழாய்ச் சுருளைத் தோளில் சுமந்து ஓடி, ஏணியில் ஏறி இறங்கி, கடைசியில் ஹெரால்டை எழுபத்தைந்து அடி இழுக்க வேண்டும். எல்லாம் எட்டு நிமிஷத்துக்குள். போன அக்டோபரில் மெர்லின் முப்பதாவது அடி வரை இழுத்தான். அங்கே அவனுக்கும் ஹெரால்டுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. மெர்லின் ஹெரால்டின் வயிற்றின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"மெர்லின், எந்திரிப்பா. அவனுக்கு மூச்சு முட்டப் போகுது," என்றாள் நெட்டி புருஸ்கி. அவளும் படையில் இருப்பவள். ஊருக்கு வெளியே அறுபது மாடு வைத்திருக்கிறாள். உட்கார்ந்த கோலத்தை யாரோ படம் எடுத்து நிலையத்துக் குளிர்பெட்டியில் ஒட்டினார்கள்.

படைத் தலைவர் டெல்மர் கென்கே நல்ல மனிதர். அதனால் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏப்ரல் பன்னெண்டாந்தேதி இன்னொரு வாய்ப்பு. ஒண்ணே ஒண்ணு. அதுலயும் உக்காந்துட்டேன்னா முதல் வண்டில உனக்கு எடம் இல்ல மெர்லின். மஞ்சச் சட்டையப் போட்டுக்கிட்டு ரோட்டுல நின்னு காரத் திருப்பி விடு. அதுவும் சேவைதான்."

'அதுவும் சேவைதான்' என்று ஒருவர் சொன்னால் அது எப்படிப்பட்ட சேவை என்று மெர்லினுக்குத் தெரியும். அவனுக்கு நாற்பத்தொன்பது வயது. ஆலையில் அவன் குழாய் திறப்பவன். வீட்டில் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டுபவன். முதல் தீயணைப்பு வண்டியின் பின்னிருக்கையில், ஏழாம் எண் தொப்பிக்குக் கீழே மட்டும்தான் முப்பது வருஷமாக அவன் ஓர் ஆள். அந்தத் தொப்பி போனால் மிச்சம் இருப்பது குழாயும் குப்பையும்.

ஆகவே தசை வளர்ப்பது என்று முடிவெடுத்தான். தசை வளர்க்க என்ன வேண்டும்? புரதம் வேண்டும். எவ்வளவு? தேடினான். உடல் எடையில் கிலோவுக்கு ஒன்று புள்ளி ஆறு கிராம் என்று ஓர் ஆய்வுச் சுருக்கம் சொன்னது. 'கிலோ' என்ற சொல்லை மெர்லினின் கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை. விட்டன்டாலில் கிலோ என்பது விஞ்ஞானிகளும் போதைப்பொருள் கடத்துகிறவர்களும் பயன்படுத்தும் எடை. மனிதர்களுக்குப் பவுண்டு. மெர்லின் இருநூற்று நாற்பது பவுண்டு. பெருக்கினான். முந்நூற்று எண்பத்து நான்கு. எண் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஹெரால்டும் கொஞ்சம் பெரியவன்தானே.

அன்று முதல் அவன் வாழ்க்கை ஒழுங்குக்கு வந்தது. விடியுமுன் ஆறு முட்டை, இரண்டு கரண்டிப் பொடி கலந்த பால். ஆலையின் இடைவேளையில் இரண்டு கிண்ணம் காட்டேஜ் சீஸ். மதியம் எண்ணெய் காட்டாமல் வேகவைத்த கோழி மார்பு இரண்டு. மென்று முடிக்கத் தாடைக்குத் தனியாகச் சம்பளம் தரலாம். மூன்று மணிக்கு மறுபடி பொடி. ராத்திரிக்கு ஒரு தட்டு மான்கறி. இரண்டு கிராம் குறைந்தால் ஒரு விரல்நுனி சீஸ். வேளாவேளைக்கு நிறுத்து, அளந்து, எழுதி வைத்தான். கல்யாண நாளை மறந்தவன் கோழியின் கிராமை மறக்கவில்லை.

தசை வளர எடை தூக்கவும் வேண்டும் என்று அதே ஆய்வின் அடுத்த வரி சொன்னது. மெர்லின் அதையும் புறக்கணிக்கவில்லை. பள்ளிக்கூட ஜிம்மில் சேர்ந்து அட்டை வாங்கினான். அட்டை சட்டைப் பையோடு சலவை இயந்திரத்துக்குள் போய் வந்தது. கார் கொட்டகையில் ஒரு பெஞ்சும் இரண்டு டம்பெல்லும் வாங்கிப் போட்டான். பெஞ்சின்மேல் கோழித் தட்டுகள் வரிசையாக ஆறின. எடை தூக்க நேரம் எங்கே? வேலை முடிந்து வந்தால் வேகவைக்க வேண்டும், நிறுக்க வேண்டும், டப்பாக்களில் அடைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், நடுநடுவே சாப்பிடவும் வேண்டும். ஒரு மனிதன் எத்தனை வேலையைத்தான் பார்ப்பான்?

ஜனவரியில் அவன் மனைவி ஆர்லிஸ் படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைக்க ஆரம்பித்தாள். ஆர்லிஸ் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊரில் யாருடைய பேச்சையும் எடுத்து ஒட்டி முத்திரை குத்தி அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவாள்.

"ஆர்லிஸ், வெளிய மைனஸ் பதினெட்டு. ஜன்னல மூடு."

"குளிர்ல செத்தா 'உறைஞ்சு போனாள்'னு கௌரவமா எழுதுவாங்க. உள்ள அடிக்கிறதுல செத்தா என்னன்னு எழுதுவாங்க?"

"அது உடம்பு வளருதுன்னு அர்த்தம்."

"உடம்பு வளரல மெர்லின். காத்துதான் வளருது."

அவள் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். மெர்லின் அதைத் தியாகமாக எடுத்துக்கொண்டான், தன்னுடைய தியாகமாக.

பிப்ரவரியில் எடை பார்த்தான். இருநூற்று ஐம்பத்தொன்று. பதினொரு பவுண்டு தசை! கண்ணாடி முன் கையை மடக்கிப் பார்த்தான். தசை இன்னும் மேலே வரவில்லை; வழியில் இருந்தது. எடை கூடினால் கணக்கும் கூட வேண்டுமல்லவா? மறுபடி பெருக்கினான். நானூற்று இரண்டு. சாப்பிட்டதால் எடை கூடியது. எடை கூடியதால் இன்னும் சாப்பிட வேண்டியிருந்தது. இந்த வேகத்தில் போனால் ஐந்தாறு வருஷத்தில் நெட்டியின் மாடுகளை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டி வரும்.

சனிக்கிழமைகளில் மதுக்கடையில் படையின் கறிக் குலுக்கல் நடக்கும். சீட்டு விழுந்தவருக்கு ஒரு தட்டு இறைச்சி. வரும் பணம் புதுக் குழாய்க்கு. அந்தக் குளிர்காலம் முழுக்க மெர்லின் ஒரு குலுக்கலையும் விடவில்லை. ஒரு நாள் பன்றி விலாத்துண்டு எட்டு ஜெயித்தான்.

"கைதட்டுங்கப்பா," என்றார் டெல்மர். "எத்தன கிராம் மெர்லின்?"

"துண்டுக்கு முப்பத்தஞ்சு."

"ஹெரால்டு தெனம் விசாரிக்கிறான். 'மெர்லின் எப்ப வருவான், உக்காந்து பேசிட்டுப் போவானே'ன்னு."

கடை சிரித்தது. மெர்லினும் சிரித்தான், அந்தச் சிரிப்புக்கு மட்டும் கிராம் கணக்கு எழுதவில்லை. பக்கத்தில் நெட்டி பியரோடு பொரித்த சீஸ் உருண்டைகளை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது, நூற்று நாற்பத்தைந்து பவுண்டு, ஹெரால்டை வருஷாவருஷம் காய்கறிப் பை மாதிரி இழுத்துக்கொண்டு போகிறவள்.

"நெட்டி, நீ ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் எடுக்குற?"

"தட்டுல என்ன இருக்கோ, அவ்வளவு."

"கணக்கு வெச்சுக்க மாட்டியா?"

"மாட்டுக்கு வெச்சிருக்கேன். அது பால் குடுக்குது. நான் குடுக்க ஆரம்பிச்சா எனக்கும் வெச்சுக்குறேன்."

அறிவியல் தெரியாத பெண் என்று மெர்லின் மனதுக்குள் மன்னித்தான்.

சோதனைக்கு முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். மெர்லினின் ரத்த அறிக்கையில் எதுவோ ஒன்று டாக்டரின் புருவத்தை உயர்த்தியதால், அவர் அவனை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். மாய் சீ லோர் என்ற அந்த இளம்பெண் பக்கத்து நகரமான வாஸாவில் பிறந்து வளர்ந்தவள், லாவோஸிலிருந்து வந்து குடியேறிய மாங் இனத்தவள். அமைதியான குரல். அது இன்னும் மோசம்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் சாப்பிடுறீங்க, மிஸ்டர் ஜாஸ்ட்ரோ?"

"நானூத்தி ரெண்டு கிராம்."

பேனா நின்றது. "வாரத்துக்கா?"

"நாளைக்கு," என்றான் மெர்லின். இப்படி ஒருவர் கேட்க வேண்டும் என்று நான்கு மாதமாகக் காத்திருந்தான்.

"இந்த எண் எங்க கெடச்சுது?"

"ஒண்ணு புள்ளி ஆறு பெருக்கல் என் எடை. ஆராய்ச்சி சொல்லுது."

"என்ன எடை?"

"எரநூத்தி அம்பத்தொண்ணு. எனக்கு இருக்கறது ஒரே எடைதானே."

"அது பவுண்டு. அவங்க சொன்னது கிலோவுக்கு." கால்குலேட்டரைத் தட்டி அவன் பக்கம் திருப்பினாள். நூற்று எண்பத்திரண்டு. "இதுவும் உங்க வயித்தச் சேத்துப் போட்ட கணக்கு. வயித்துக்குத் தசை வளராது. நூத்தம்பது போதும். அதுக்கு மேல போனா கூடுதலா ஒண்ணும் வளரப்போறதில்ல."

மெர்லின் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப மீதி? அதெல்லாம் எங்க போச்சு?"

"கொஞ்சம் எரிஞ்சுது. கொஞ்சம் இங்க இருக்கு." பேனாவால் அவன் இடுப்பைச் சுட்டினாள். "கொஞ்சம்... வீட்டுல யாராவது ஜன்னலத் தொறந்து வெக்கிறாங்களா?"

மெர்லின் கால்குலேட்டரை அவள் பக்கமே திருப்பி வைத்தான்.

"பயப்படாதீங்க, சிறுநீரகம் நல்லாத்தான் இருக்கு. சரி, வாரத்துக்கு எத்தன நாள் வெயிட் தூக்குறீங்க?"

"தூக்கணும்னுதான் இருந்தேன். எங்க நேரம்? சமைக்கணும்ல."

மாய் சீ பேனாவை மூடினாள். "மாடே இல்லாத கொட்டகையில தீவனம் கொட்டிட்டிருக்கீங்க மிஸ்டர் ஜாஸ்ட்ரோ."

பாலுக்குப் பேர்போன விஸ்கான்சினில் ஒரு மனிதனை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது.

"ஏப்ரல் பன்னெண்டுல நூத்தி அறுபத்தஞ்சு பவுண்டு ஆள எழுபத்தஞ்சு அடி இழுக்கணும்," என்றான், குரல் இறங்கி. "இல்லேன்னா என்ன வண்டிலேருந்து எறக்கிடுவாங்க."

"இன்னும் ஏழு வாரம் இருக்கு. நூத்தி அறுபத்தஞ்சு பவுண்டு எதையாவது புடிச்சு இழுங்க. மென்னு மென்னு யாரும் இழுத்ததில்ல."

வீட்டுக்கு வந்து ஆர்லிஸிடம் சொன்னான். ஆர்லிஸ் முதலில் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வசதி செய்துகொண்டு அதன் பிறகு சிரித்தாள்.

"ரெண்டு மாசமா நான் கோட்டப் போட்டுக்கிட்டுத் தூங்குறேன். பவுண்டா கிலோவான்னு ஒரு தடவ பாக்கலியா நீ?"

"யாரு பாப்பாங்க ஆர்லிஸ்? நாம அமெரிக்கர்கள்."

"அதுவும் சரிதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. "இப்ப என்ன பண்ணப் போற?"

"எதையாவது இழுக்கணும். ஸ்டேஷன்ல போய் ஹெரால்டக் கேட்டா டெல்மர் ஊர் பூரா சொல்லிடுவாரு."

"மணல் மூட்ட?"

"மூட்ட கெட்டியா கெடக்கும். ஆள்னா கையும் காலும் தனித்தனியா துவளும்." பேசிக்கொண்டே அவளைப் பார்த்தான். பார்வை அங்கேயே தங்கியது. "ஆர்லிஸ்... உன் எடை என்ன?"

இருபத்து நான்கு வருஷ மணவாழ்க்கையில் அவன் கேட்ட மிக ஆபத்தான கேள்வி அது. எரியும் வீட்டுக்குள் போவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"போதும்," என்றாள் ஆர்லிஸ். "உனக்குப் போதுமான அளவு இருக்கேன். ஆனா அந்தக் கறுப்பு டப்பா ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

டப்பாக்கள் போயின. கார் கொட்டகையிலிருந்து தார்ப்பாய் வந்தது. வாரத்தில் நான்கு நாள், ஆர்லிஸ் வேலை முடிந்து வந்ததும், கொல்லைப் பனியில் தார்ப்பாயை விரித்துப் படுப்பாள்; மெர்லின் தலைமாட்டில் பிடித்துப் பின்பக்கமாக நடந்து இழுப்பான். முதல் நாள் பன்னிரண்டு அடி. நான்கு மாதத்துப் புரதம் அத்தனையும் சேர்ந்து சாதித்தது அது. மறுநாள் அவனால் சீப்பைத் தலை வரைக்கும் கொண்டுபோக முடியவில்லை. ஆர்லிஸ் முதல் வாரம் குறுக்கெழுத்துப் போட்டாள். இரண்டாம் வாரம் பிளாஸ்கில் காபி கொண்டு வந்தாள். மூன்றாம் வாரம் நாற்பது அடியில் காபி தளும்பிச் சட்டையில் கொட்டியது. வேகம் கூடியிருக்கிறது என்று அதை வைத்துத்தான் இருவருக்கும் தெரிந்தது. மெர்லின் பெஞ்சின்மேலிருந்த தட்டுகளை எடுத்துவிட்டு டம்பெல்லும் தூக்கினான். ராத்திரிக்கு உருளைக்கிழங்கும் சேர்த்து மனிதர்கள் சாப்பிடுகிற சாப்பாடு சாப்பிட்டான்.

மார்ச் கடைசி. நல்ல வெயில். அன்றைக்கு மெர்லினுக்கு ஒரு யோசனை.

"நெஜமா மயங்கின ஆள் மாதிரி இரு ஆர்லிஸ். தலையத் தூக்காத. கை ஒண்ணு வெளிய தொங்கட்டும்."

ஆர்லிஸ் கண்ணை மூடிக் கையைத் தொங்கவிட்டாள். மெர்லின் அவளைக் கொல்லைக் கதவிலிருந்து மரக் கொட்டகையை நோக்கி இழுக்கத் தொடங்கினான். கொல்லைக்குப் பின்புறத்து வீட்டில் லாவெர்ன் என்ற விதவை, மான் பார்ப்பதற்காக வைத்திருக்கும் தொலைநோக்கியில், மானைவிட நல்ல காட்சி ஒன்றைக் கண்டாள்.

அறுபதாவது அடியில் மெர்லினின் இடுப்பில் படையின் அழைப்புக் கருவியான பேஜர் அலறியது. அவசர உதவி மையத்துப் பெண்ணின் குரல்: விட்டன்டால் படைக்கு அழைப்பு, பெண் ஒருவர், அசைவில்லை, ஆண் ஒருவர் தார்ப்பாயில் வைத்து இழுத்துச் செல்வதாகத் தகவல், ஷ்மெல்ட்ஸர் சாலை, நாற்பத்தொன்று இருபத்தேழு.

முப்பது வருஷப் பழக்கம். மெர்லின் தார்ப்பாயைப் போட்டுவிட்டுத் தன் வண்டியை நோக்கி ஓடினான்.

"எங்க ஓடுற?" என்றாள் ஆர்லிஸ், கண்ணைத் திறக்காமல். "அது நான்தான்."

ஏழு நிமிஷத்தில் முதல் வண்டி வந்தது. பின்னால் ஷெரிஃபின் ஆள் வந்தார். அவருக்கும் பின்னால் வீட்டுச் செருப்போடு லாவெர்ன் வந்தாள். ஆர்லிஸ் தார்ப்பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, உயிரோடவா இருக்க?" என்றாள் லாவெர்ன், லேசான ஏமாற்றத்தோடு. "நான் என் தங்கச்சிக்கு வேற போன் பண்ணிட்டேன்."

டெல்மர் மெர்லினைப் பார்த்தார். "அழைப்பு வந்தா ஸ்டேஷனுக்கு வரணும். ஏன் வரல?"

"நான் ஏற்கெனவே எடத்துலதான் இருக்கேன்."

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. பவுண்டும் கிலோவும் உட்பட. ஷெரிஃபின் ஆள் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு காருக்குப் போனார், கார் குலுங்கியது. நெட்டி மட்டும் சிரிக்காமல் பனியில் கிடந்த தடத்தைக் காலால் அளந்துகொண்டு வந்தாள்.

"அறுவதடி. பரவால்ல. ஆனா முதுகால இழுக்குற. இடுப்ப எறக்கித் தொடையால தள்ளு. இப்பிடி." யாரும் தடுக்குமுன் தார்ப்பாயைப் பற்றி, ஆர்லிஸைக் காபியோடு பத்தடி பின்னால் கொண்டுபோனாள்.

"என்ன யாராவது ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள் ஆர்லிஸ்.

மறுநாள் தபால் நிலையத்தில் வழக்கத்துக்கு மீறிய கூட்டம். ஊரில் பாதிப் பேருக்குத் திடீரென்று ஒற்றைத் தபால்தலை தேவைப்பட்டது. ஆர்லிஸ் ஒவ்வொருவரிடமும், "ஆமா, உயிரோடதான் இருக்கேன். வேற?" என்றாள்.

ஏப்ரல் பன்னிரண்டு, சனிக்கிழமை. நிலையத்துக்குப் பின்னாலிருந்த சரளைத் தரையில் வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். பார்க்க வந்த கூட்டம் தீ விபத்துக்கும் வராத கூட்டம். துணைக்கு முதலில் ஓடிக் காட்டிய நெட்டி ஆறு நிமிஷம் பத்து வினாடியில் முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

மெர்லின் குழாயைச் சுமந்தான். ஏணி ஏறி இறங்கினான். ஹெரால்டிடம் வந்தபோது ஐந்து நிமிஷம் நாற்பது. அக்குளுக்குள் கை கொடுத்து, மார்பில் கோத்து, இடுப்பை இறக்கித் தள்ளினான். முப்பதாவது அடி தாண்டியது. கூட்டத்தில் சிலருக்கு அது வருத்தம். ஐம்பதில் முகமூடிக் கண்ணாடி ஆவியால் மூடிக்கொண்டது. கோடு தெரியவில்லை, தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அறுபத்தைந்தில் கால் வழுக்கி உட்காரப் போனான். ஹெரால்டின் வயிறு வாகாக, மெத்தென்று, கீழேயே காத்திருந்தது.

"உக்காராத!" என்று ஒரு குரல் கேட்டது. "நான் உனக்காக ஆறு வாரம் பனியில கெடந்திருக்கேன்!"

மெர்லின் உட்காரவில்லை. உறுமிக்கொண்டு இன்னும் நான்கு தள்ளு தள்ளினான். ஹெரால்டின் குதிகால் கோட்டைத் தாண்டியது.

டெல்மர் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். தமக்கே நம்பிக்கை இல்லை. "ஏழு நிமிஷம், அம்பத்திரண்டு செகண்டு. தேறிட்டான்." கையைக் குலுக்க வந்தார். மெர்லினால் கையைத் தூக்க முடியாததால் தொங்கிய கையையே பிடித்துக் குலுக்கினார். "அந்தத் தொப்பி ஒரு வருஷத்துக்கு உன்னுது. அடுத்த ஏப்ரல்ல மறுபடியும் வரணும், தெரியும்ல?"

அவன் வண்டியின் பின்படியில் உட்கார்ந்தான். ஆர்லிஸ் வந்து ஏழாம் எண் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அவன் உடுப்பின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஆவி பறந்தது.

"ஒரு வருஷம்தானாம் ஆர்லிஸ்," என்றான் மூச்சு வாங்க. "விட்டா மறுபடி போயிடும். நாளைக்கும் இழுக்கலாமா?"

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. நான் சர்ச்சுக்குப் போகணும்." கடைசிக் கொக்கியைக் கழற்றினாள். "அவ்வளவு ஆசையா இருந்தா அங்க வரைக்கும் இழுத்துட்டுப் போ."